வாப்பாவின் ராடும் கரை ஒதுங்கிய செருப்பும்

என் ஆசை வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகள் ஷிஃபானாதான் எழுதுகிறேன். உம்மா உள்ளறையில் தூங்குகிறார்கள். நான் அடுப்படியில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேனா தாளில் கீறுகிற சத்தம்கூட உம்மாவை எழுப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

மவுத்தாகி அல்லாஹ்விடம் போனவர்களுக்குக் கடிதம் எழுதுவார்களா, துஆதானே கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும். ஆனால் இந்தப் பூனை விஷயத்தை எந்த துஆவில் சேர்ப்பது? அதற்கு எனக்கு அரபி தெரியாது. தமிழில் உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்கு உம்மாவுக்கு இத்தா முடிகிறது. நாலு மாதம் பத்து நாள் உங்களுக்காக வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். நாளைக்கு உம்மா உங்கள் தூண்டில் ராடைக் கையில் வாங்கப் போகிறார்கள். அதைப் பூனை தின்றுவிட்டது, வாப்பா.

பதறாதீர்கள். முழுவதையும் இல்லை. பிடியை மட்டும்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீங்கள் வேலை பார்த்த மஸ்கட்டிலேயே உங்களை அடக்கிய பிறகு, உங்கள் அறைக்கூட்டாளிகள் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கார்கோவில் அனுப்பினார்கள். சட்டை, கைலி, ஃபிளாஸ்க், பாதி தீர்ந்த அத்தர், அப்புறம் இரண்டு துண்டாகக் கழற்றிக் கட்டிய அந்த நீள ராடு. உம்மா மற்ற எல்லாவற்றையும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். ராடை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அழவில்லை. பேசவும் இல்லை. அன்றைக்கும் மறுநாளும் உம்மா வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எனக்கு உம்மா அழுதால்கூடப் பயமில்லை, வாப்பா. அந்த மாதிரிப் பேசாமல் இருப்பதுதான் பயம்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு ராடைக் கையில் கொடுத்தார்கள். “ஒங்க சாச்சாகிட்டக் குடுத்து வைக்கச் சொல்லு. இப்ப எங் கண்ணுல படவேணாம். நான் இத்தா முடிஞ்சு வெளிய வார அன்னைக்கு இது எங் கையில இருக்கணும்” என்றார்கள். உம்மா இத்தாவில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டார்கள்.

உங்கள் தம்பியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அசன் சாச்சா ராடை வாங்கி, கண்ணில் ஒற்றி, கரையில் இருக்கிற வலைக் கொட்டகைக்குள் இரண்டு ஆணி அடித்து அதன்மேல் படுக்கவைத்தார். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஒரு கூட்டம். நம் தெருப் பூனைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. வால் இல்லாத அந்தக் கிழட்டுப் பூனை, ராடின் கறுப்புப் பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பரோட்டாவைப் பிய்ப்பதுபோல் பிய்த்துக்கொண்டிருந்தது. மற்றவை வரிசையில் நிற்பது மாதிரி நின்றன.

நான் கத்திய கத்தலில் சாச்சா ஓடிவந்தார்.

“சாச்சா, இதுல என்ன பூசுனீக?”

“மீனெண்ணெய்தான். ஏன்?”

“ராடுக்கு ஆராச்சும் மீனெண்ணெய் பூசுவாகளா?”

“ஏ புள்ள, வள்ளத்துப் பலகைக்கு எண்ணெய் குடுக்காட்டி வெயில்ல வெடிச்சுப் போகும்ல? எங் கூடப்பொறந்த காக்கா சாமானு, பத்தரமா இருக்கட்டுமேன்னு வாரா வாரம் பூசுனேன். வள்ளத்துக்குப் பூசுறத விட நல்ல எண்ணெய்.”

வாரா வாரம், வாப்பா! அவர் அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ராடின் பிடி பலகை இல்லையே. அது ஒருவகைக் கறுப்பு ஃபோம். பஞ்சு மாதிரி அமுங்கும், ரப்பர் மாதிரி திரும்பி வரும். அது அவ்வளவு எண்ணெயையும் குடித்துவிட்டு, உப்பி, பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு, வலைத் தூசியையும் மணலையும் பூனை முடியையும் பூசிக்கொண்டு இருந்தது. நடுவில் கொய்யாப் பழத்தைக் கடித்த மாதிரி ஒரு பள்ளம். அதைச் சுற்றிப் பல் பதிந்த ஓட்டைகள்.

சாச்சா பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “மதினி வாயத் தொறந்து திட்டுனாக்கூடத் தாங்கிக்கலாம். ஒண்ணும் பேசாம இருந்துருவாக. அதுக்கு நான் எங்குட்டுப் போக?” என்றார். அவருக்கும் அதே பயம்தான்.

“உம்மா வெளிய வாரதுக்குள்ள சரி பண்ணிருவோம் சாச்சா” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

முதலில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. நாற்றம் மட்டும் கூடிவிட்டது. அடுத்தது பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். அது கொஞ்சம் கேட்டது. மேலே இருந்த மணலும் முடியும் போயின, உள்ளே இருந்த எண்ணெய் அப்படியே இருந்தது. அழுத்தினால் நுரையோடு வெளியே வந்தது, விட்டால் உள்ளே போய்விட்டது. தலையில் எண்ணெய் அதிகமானால் உம்மா எனக்கு என்ன செய்வார்கள்? சீயக்காய்! குழைத்துப் பூசி, ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்தேன். காய்ந்ததும் மறுபடியும் பூசினேன். கறுப்புக் கறுப்பாக வந்தது. அந்தத் தண்ணீரில் சாச்சாவின் எண்ணெய்க்கு அடியில் நீங்கள் இருந்த காலத்து அழுக்கும் இருந்திருக்கும் இல்லையா? சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. அலைவாய்க்குப் போய் ஊற்றிவிட்டு வந்தேன்.

அதற்குள் வீட்டில் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

“சீயக்காய் டப்பா காலியா இருக்கு. நீயா தேச்ச?” என்றார்கள் உம்மா.

“ஆமா உம்மா.”

“ஒம் முடியப் பாத்தா தேச்ச மாதிரி தெரியலையே. கிட்ட வா.” மோந்து பார்த்தார்கள். “என்ன இது, தலையில சீயக்காயும் இல்ல, கையில மீனெண்ணெய் வாடை வேற?”

“சாச்சா வள்ளத்துக்கு எண்ணெய் பூசுறாக உம்மா. கூட மாட நின்னேன்.”

உம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் அன்றைக்கு நிஜமாகவே தலைக்குக் குளித்தேன்.

பிசுபிசுப்பு போன பிறகும் பிடி பழைய தோல் மாதிரி பாளம் பாளமாக இருந்தது. சாச்சா ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். பெயின்ட்டுக்கு ஊற்றுகிற தின்னர். “ஒரு தொட. கண்ணாடி மாதிரி ஆயிரும்” என்றார். எனக்கு அவருடைய மருந்துகள்மேல் நம்பிக்கை போயிருந்தது. கையில் இருந்த ராடையும் காலில் கிடந்த என் பழைய செருப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் அதே மாதிரிப் பொடிப் பொடித் துளைகள். நகத்தை அழுத்தினேன். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கி, ஒரே மாதிரி எழுந்து வந்தன.

“மொதல்ல இதுல ஊத்துங்க சாச்சா” என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஊற்றினார். செருப்பின் ஓரம் உருகிச் சளி மாதிரி ஆகிவிட்டது. சாச்சா பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். ஆனால் சந்தோஷமாக வந்தேன், வாப்பா. இனிமேல் எதைச் செய்தாலும் முதலில் செருப்பில் செய்து பார்க்கலாம்.

செருப்பு எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது. கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் சுற்றி வைத்தால், அமுங்கிப்போன குதிகால் பள்ளம் மெல்ல எழும்பி வந்தது. ராடிலும் வந்தது! ஆணியில் கிடந்து விழுந்திருந்த இரண்டு தடமும், பூனையின் பல் அடையாளம் பாதியும், ரொட்டி உப்புகிற மாதிரி எழும்பி நேராகிவிட்டன. நான் கொட்டகைக்குள் குதித்தேன். சாச்சா “அல்லா காப்பாத்துனான்” என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். உங்களுக்கும் பார்க்கப் பிடித்திருக்கும்.

அந்தப் பெரிய பள்ளம் மட்டும் எழும்பவில்லை. அங்கே எழும்புவதற்கு ஒன்றுமே இல்லை. அது வால் இல்லாத பூனையின் வயிற்றில் இருந்தது.

அதை எதனால் அடைப்பது? பசையை ஊற்றினால் கல்லாகிவிடும், கை வலிக்கும். மரத்தைச் செதுக்கி வைத்தால் அமுங்காது. அதே சாமான்தான் வேண்டும். அதே சாமான் நம் கரையில் கிடக்கத்தானே செய்கிறது? தென்காற்று அடித்தால் பாசியோடு பாசியாக எவ்வளவு செருப்பு ஒதுங்குகிறது! எங்கெங்கோ இருந்து வருகிறவை. கறுப்பாகவும் கனமாகவும் ஒன்றைத் தேடி எடுத்தேன். சீயக்காய் போட்டுக் கழுவினேன். பூனை பிய்த்த இடத்தை பிளேடால் சதுரமாக வெட்டிச் சீராக்கினேன். செருப்பிலிருந்து அதே அளவுக்கு ஒரு கட்டை வெட்டி எடுத்தேன்.

அப்போதுதான் சாச்சா வந்தார்.

“என்ன புள்ள செய்யுற?”

“ஒட்டுப் போடுறேன் சாச்சா.”

“எத வச்சு?”

காட்டினேன். சாச்சா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். “செருப்பு! எங் காக்கா பிஸ்மி சொல்லிப் புடிச்ச பிடியில, ஆரு கால்ல கெடந்ததோ அந்தச் செருப்பு!”

“கடல்ல கெடந்து வந்தது சாச்சா. கழுவிட்டேன். சுத்தமாத்தான் இருக்கு.”

“கடல்ல கெடந்தா செருப்பு தொப்பி ஆயிருமா?”

“அப்ப ஒங்க மீனெண்ணெய் மட்டும் அத்தரா?”

சாச்சா துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. செருப்பால் அடிப்பேன் என்றுதானே நம் ஊரில் சண்டையே தொடங்குகிறது. வீட்டுக்குள் செருப்பு வந்தால் உம்மா எவ்வளவு கத்துவார்கள். இது உங்கள் கை இருந்த இடம். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று சாச்சாவிடமே கேட்டேன். அவர் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒட்டு” என்றார்.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாங்கி வந்து, இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தி, துணியால் இறுக்கிக் கட்டி வைத்தேன். மறுநாள் உப்புத்தாளை நனைத்து முழுப் பிடியையும் மெல்ல மெல்லத் தேய்த்தேன். பாளம் பாளமாக இருந்த பழைய மேல்தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. அடியிலிருந்து புதுக் கறுப்பு வந்தது. அந்த மாவைப் பசையில் குழைத்துச் சின்னச் சின்ன ஓட்டைகளில் வைத்து, காய்ந்ததும் திரும்பத் தேய்த்தேன். கையை வைத்துப் பார்த்தால், வாப்பா, வெல்வெட் மாதிரி இருக்கிறது. புறா முதுகு மாதிரி இருக்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை.

ஒட்டுப் போட்ட சதுரம் மட்டும் கொஞ்சம் அதிகக் கறுப்பு. மச்சம் மாதிரி. தெரியாதவர்களுக்குத் தெரியாது. ஆனால் உம்மா தெரியாதவர்களா?

இன்றைக்குச் சாயங்காலம் சாச்சாவோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பூனை கடித்ததை அவர் சொல்லிவிடுவார். செருப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. “கேட்டா, புது ஃபோமு வாங்கி வச்சோம்னு சொல்லிரு. மெட்ராஸ்ல இருந்து வந்துச்சுன்னு சொல்லு” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது தூக்கம் வரவில்லை. உம்மாவிடம் சீயக்காய்க்கே பொய் சொல்லத் தெரியாமல் மாட்டினேன். இதற்கு எப்படிச் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் உம்மா மறுபடியும் அந்த மாதிரிப் பேசாமல் ஆகிவிட்டால்? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், வாப்பா? நீங்கள் உம்மாவிடம் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறீர்களா?

உள்ளறையில் கட்டில் சத்தம் கேட்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

வாப்பா, இன்றைக்கும் அதே அரிசி வாளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் உம்மா குளித்து, வெள்ளைச் சேலையை மாற்றினார்கள். தெருப் பெண்கள் எல்லாம் வந்து யாசீன் ஓதினார்கள். ஓதி முடிந்ததும் எல்லாருக்கும் நார்சா இனிப்பு கொடுத்தோம். ஒவ்வொருத்தராக உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். உம்மா எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினார்கள். கடைசி ஆளும் போன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “எங்க அது?” என்றார்கள்.

சாச்சா முற்றத்தில் தயாராக நின்றார். ராடைப் புதுக் கைலியில் சுற்றி, மாப்பிள்ளையை அழைத்துவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று வாங்கினார்கள்.

கைலியை அவிழ்த்தார்கள். அடிக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கினார்கள். ஒரு கை தானாகப் போய்ச் நூல் சுருள் மாட்டுகிற இடத்துக்கு மேலே பிடித்தது. நாமெல்லாம் கம்பைத் தூக்குவதுபோல உம்மா தூக்கவில்லை. சாச்சாவும் அதைக் கவனித்துவிட்டு என்னைப் பார்த்தார். உம்மாவின் பெருவிரல் பிடியைத் தடவிக்கொண்டே வந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் நின்றது.

“இது என்ன?”

சாச்சா இருமினார். நீண்ட இருமல். “மதினி, அது வந்து, பூனை கடிச்சிருச்சு.”

“பூனைக்கு ராடுல என்ன சோலி?”

“மீனெண்ணெய் வாசத்துக்கு வந்துருக்கு.”

“ராடுக்கு எங்குட்டுருந்து மீனெண்ணெய் வந்துச்சு?”

சாச்சா தரையைப் பார்த்தார். “நல்லாருக்கட்டுமேன்னு நாந்தேன் பூசுனேன்.”

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். “நல்லவேள, எம் புள்ளைய ஒங்ககிட்டக் குடுத்து வைக்கல” என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த கேள்வி என்னிடம் வந்தது. “இந்த ஒட்டு எதுல போட்டது?”

சாச்சா உம்மாவுக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டினார். மெட்ராஸ், மெட்ராஸ் என்று உதடு அசைந்தது. எனக்கு மெட்ராஸ் என்ற சொல்லே வாயில் வரவில்லை, வாப்பா.

“செருப்பு உம்மா” என்றேன். “கரையில ஒதுங்குன செருப்பு. வேற எதுவும் சேரல உம்மா. நல்லா கழுவித்தான் வச்சேன்.”

உம்மா பேசவில்லை. ராடைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்கள். போச்சு, திரும்பவும் போச்சு என்று நினைத்தேன். உம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். நிமிர்ந்தார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் அது அழுகை இல்லை. உம்மா சிரித்துக்கொண்டிருந்தார்கள், வாப்பா! மூச்சு வாங்கச் சிரித்தார்கள். படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

“ஒத்தச் செருப்பு” என்றார்கள். திரும்பவும் சிரிப்பு. “ஒங்க வாப்பா ஒத்தச் செருப்போட ரோட்டுல நொண்டிக்கிட்டே வந்தாகடி.”

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நான் நடக்கக்கூட ஆரம்பிக்காத காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் மஸ்கட்டுக்கு விசிட் விசாவில் கூப்பிட்டீர்களாமே? வெள்ளிக்கிழமைக் காலையில் மூன்று பேரும் கடலுக்குப் போவோமாமே?

“இவ அலையப் பாத்தா வீல்னு கத்துவா” என்றார்கள் உம்மா. “எங்கிட்டயும் இருக்க மாட்டா. ஒங்க காக்கா தோள்லதான் அடங்குவா. அதனால அவுக இவளத் தூக்கிக்கிட்டு, ராட எங் கையில குடுத்துருவாக. ‘நீ சும்மாதான நிக்கிற, புடி’ம்பாக. மொத நாள் பயந்துக்கிட்டுப் புடிச்சேன். அப்புறம் நான் குடுக்கவே இல்ல.”

சாச்சா வாசலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார். “மதினி, அப்ப அந்தப் பெரிய பாரை மீனு? காக்கா போட்டோ அனுப்பிச்சாகளே?”

“நாந்தேன்.”

“போட்டோவுல காக்கா கையிலல்ல இருந்துச்சு?”

“போட்டோ எடுக்கும்போதுதான் அவுக கைக்குப் போச்சு.”

“ஏ அல்லா!” சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கிட்ட போன்ல எம்புட்டு நேரம் கதை சொன்னாக! இழுத்து இழுத்துக் கையே கழண்டு போச்சுன்னு சொன்னாகளே!”

“கை வலிச்சது நெசந்தான்” என்றார்கள் உம்மா. “இவளத் தூக்கி.”

அந்தப் பாரை தூண்டிலில் விழுந்தபோது நீங்கள் என்னைத் தோளில் போட்டுக்கொண்டே “விடாத, விடாத” என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினீர்களாம். அப்போது ஒரு செருப்பு அலையோடு போய்விட்டதாம். வெயிலில் கொதிக்கிற ரோட்டில், ஒரு தோளில் நான், ஒரு கையில் பாரை, ஒற்றைக் காலில் செருப்பு. உம்மா அதை நடித்துக் காட்டினார்கள். வாசலில் நொண்டிக் காட்டினார்கள். இன்றைக்குக் காலையில் இத்தா முடித்த உம்மா!

“அப்ப மதினி, அங்க போன செருப்புதான் சுத்தி வந்து நம்ம கரையில ஒதுங்கிருக்கும்” என்றார் சாச்சா. அவருக்குத் தான் தப்பித்த சந்தோஷம். அது நடக்காது, வாப்பா. நான் எடுத்தது சின்னப் பிள்ளைச் செருப்பு. பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் தெருமுனையில் உட்கார்ந்து அந்தப் பாரைக் கதையைச் சொல்வீர்களே. ஒவ்வொரு தடவையும் அது ஒரு முழம் வளருமே. உம்மா அப்போது உள்ளே டீ ஆற்றிக்கொண்டு இருப்பார்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் உம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். “அவுகளுக்கு அதுல ஒரு சந்தோசம். எனக்கு மீனப் புடிச்சதே போதும்” என்றார்கள். எனக்கு இது சரியாகப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா? டீ கொண்டுவந்து வைக்கும்போது உம்மா உங்களை ஒரு பார்வை பார்ப்பார்களா? நீங்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வீர்களா? அதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லையே.

சாயங்காலம் உம்மா சாச்சாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். “எரைக்குக் கொஞ்சம் எறா எடுத்து வைங்க. நாளைக்கு விடிய சுபுஹு தொழுதுட்டு நானும் இவளும் கரைக்கு வாரோம்.”

சாச்சா தயங்கினார். “நாளைக்கேவா மதினி? இன்னைக்குத்தான இத்தா முடிஞ்சிருக்கு. ஊரு என்னமும் பேசும்.”

“நான் இத்தா இருந்தது ஒங்க காக்காவுக்கு. ஊருக்கு இல்ல” என்றார்கள் உம்மா. “எறா பொடிசா வேணாம். பெருசா எடுங்க.”

அதனால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, வாப்பா. இது வேறு பயம். பெரிய மீன் விழுந்து இழுக்கும்போது என் ஒட்டுப் பிய்ந்துகொண்டால்? தெருவில் யாராவது ஏதாவது சொன்னால்? உம்மா “நீயும் ஒரு தடவ வீசு” என்கிறார்கள். எனக்கு அலையைப் பார்த்தால் இன்னும் உள்ளுக்குள் வீல் என்றுதான் இருக்கிறது. இனிமேல் தூக்கிக்கொள்ள முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டேன். ஆனாலும் போவேன். எப்போது விடியும் என்று இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கோபப்படக் கூடாது. நாளைக்கு மீன் கிடைத்தால் பையில் மறைத்துக் கொண்டுவர மாட்டேன். கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடுத்தெரு வழியாகத்தான் வருவேன். யார் பிடித்தது என்று கேட்டால் என் உம்மா என்பேன். அந்தப் பழைய பாரையையும் உம்மாதான் பிடித்தார்கள் என்று தெருமுனையில் நின்று சொல்லிவிடுவேன். அப்படியானால் உன் வாப்பா என்னதான் செய்தார் என்று சிரிப்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். என் வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கையை வலிக்கவைத்த மகள்
ஷிஃபானா